பூனையின் வால் புண் ஆறி ஆறி மறுபடி உடைகிறது: வாலை எடுத்துத்தான் ஆக வேண்டுமா?

காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பள்ளி ஆசிரியை ஒருவர் நீளமான கடிதமும் நான்கு படங்களும் அனுப்பியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியக்கூடியவற்றை விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவரும் அவருடைய அப்பத்தாவும் ஒரு பழைய பெரிய வீட்டில் இருக்கிறார்கள். கூட இருப்பது மூன்று வயது ஆண் பூனை. கருத்தடை செய்யவில்லை, தடுப்பூசி எதுவும் போட்டதில்லை. இரவில் ஓட்டுக் கூரை வழியாகத் தெருவில் பாதி வீடுகளைச் சுற்றிவிட்டு விடிகாலையில் வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், வந்து படுக்கும். 26 நாளைக்கு முன் வாலின் நடுப்பகுதியில் ரத்தக் கசிவோடு வந்தது. இரண்டாம் கட்டுத் தேக்குக் கதவில் வால் நசுங்கியிருக்கும் என்று நினைத்து, மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசித் துணி சுற்றினார்கள். ஐந்தாம் நாள் வீங்கி உடைந்து சீழ் வந்தது. மருந்துக் கடையில் கேட்டு அமாக்சிசிலின் கேப்சூலைப் பாலில் கலந்து ஐந்து நாள் கொடுத்தார். புண் மூடியது. ஒரு வாரத்தில் பக்கத்திலேயே உடைந்தது. கால்நடை மருத்துவர் மூன்று நாள் ஊசி போட்டார். மறுபடி மூடியது, மறுபடி உடைந்தது. இப்போது நாற்றம் இருக்கிறது. புண்ணுக்குக் கீழே வால் தொங்குகிறது, தொட்டால் சில்லென்று இருக்கிறது, முடி கொத்தாக உதிர்கிறது. மருத்துவர் தடவிப் பார்த்துவிட்டு, "எலும்பு வரைக்கும் போயிருக்கும் போலத் தெரிகிறது. எக்ஸ்ரே எடுங்கள், வாலை எடுக்க வேண்டி வரலாம்" என்று சொல்லியிருக்கிறார்.

அவருடைய கேள்விகள்: வாலை எடுக்காமல் மருந்திலேயே சரி செய்ய முடியாதா? வால் போனால் மதில் மேல் நடக்க முடியுமா? வாலை எடுத்தால் மூத்திரம் போவது நின்றுவிடும் என்று ஒருவர் சொன்னாரே, உண்மையா? இது சட்டப்படி வதை ஆகாதா? வலிக்குப் பாராசிட்டமால் கால் மாத்திரை தரலாமா? வால் அறுந்த பூனை வீட்டில் இருந்தால் ஆகாது என்று அப்பத்தா சொல்வதற்கு என்ன பதில்? கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி: "மருந்து வைக்கும்போது முந்தாநாள் என் கட்டைவிரலில் கடித்துவிட்டது. ரத்தம் வந்தது. கழுவி மஞ்சள் வைத்துவிட்டேன், வீட்டுப் பூனைதானே."

அன்புள்ள ஆசிரியைக்கு,

நீங்கள் கடைசியாக எழுதியதை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தில் பூனையின் வாலை விட அவசரமானது உங்கள் கட்டைவிரல்.

முதலில் உங்கள் விரல்

உங்கள் பூனைக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டதில்லை. அது இரவெல்லாம் வெளியே சுற்றுகிறது. அதன் வாலில் இருப்பது வேறொரு விலங்கின் கடி என்று நான் ஏன் நினைக்கிறேன் என்பதைக் கீழே சொல்கிறேன். அப்படியானால் எந்த விலங்கு, அதற்கு என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. வெறிநோய்க் கிருமி உடம்பில் புகுந்து வெளியே தெரிய வாரங்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். பூனை நன்றாகச் சாப்பிடுகிறது, பழையபடி மடியில் வந்து படுக்கிறது என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். வீட்டுப் பூனை என்பது இந்த விஷயத்தில் ஒரு பாதுகாப்பும் இல்லை.

இதைப் படித்ததும் விரலை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். இரண்டு நாள் ஆகிவிட்டதே என்று விடாதீர்கள். அப்புறம் இன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய், பூனை கடித்தது, ரத்தம் வந்தது, பூனைக்குத் தடுப்பூசி இல்லை என்ற மூன்றையும் சொல்லுங்கள். தடுப்பூசி அங்கே இலவசம். ரத்தம் வந்த கடி என்பதால் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும், அதாவது கிருமியை உடனே தடுக்கிற எதிர்ப்புப் பொருள் ஊசியும், போட வேண்டியிருக்கும். அதை அங்குள்ள மருத்துவர் முடிவு செய்வார். பூனையை 10 நாள் கண்காணிக்கச் சொல்வார்கள். கண்காணிப்பு நடக்கட்டும், ஊசியை அதற்காகத் தள்ளிப் போடாதீர்கள்.

இன்னொன்று. பூனைப் பல் ஊசி மாதிரி மெல்லியது. மேலே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே மூட்டு வரைக்கும் இறங்கியிருக்கும். பூனையின் வாயில் சாதாரணமாகவே இருக்கும் பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா ஒரே நாளில் விரலை வீங்க வைத்துவிடும். விரல் சிவந்து, மடக்க முடியாமல் விண்விண்ணென்று தெறித்தால் அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள். மஞ்சள் அதற்குப் போதாது.

கதவு இல்லை, கடி

நீங்கள் அனுப்பிய இரண்டாவது படத்தில் முடியை ஒதுக்கிக் காட்டியிருக்கிறீர்கள். அதில் வாலின் மேல்பக்கம் ஒரு துளை, கீழ்ப்பக்கம் கொஞ்சம் தள்ளி இன்னொரு துளை. இரண்டுக்கும் நடுவில் தோல் கன்றிப்போயிருக்கிறது. உங்கள் வீட்டுக் கதவு மாதிரி கனமான கதவில் மாட்டியிருந்தால் குறுக்கே ஒரே கோடாக நசுங்கியிருக்கும், தோல் உரிந்திருக்கும். பூனை போட்டிருக்கும் அலறலில் அப்பத்தா எழுந்து வந்திருப்பார். இது மேல் கோரைப்பல்லும் கீழ்க் கோரைப்பல்லும் சேர்ந்து பதிந்த அடையாளம். இன்னொரு ஆண் பூனையோடு சண்டை போட்டு, தோற்றுத் திரும்பி ஓடும்போது வாங்கிய கடியாகத்தான் இருக்கும். தோற்று ஓடுகிற பூனைக்குக் கடி விழுகிற இடம் வாலும் வாலடியும்தான். பூட்டிக் கிடக்கும் வீடுகள் நிறைய உள்ள உங்கள் பக்கத்துத் தெருக்களில் பூனைகள் கூரைமேல் பங்கு பிரித்துக்கொண்டு வாழ்கின்றன. கருத்தடை செய்யாத ஆண் பூனைக்கு அங்கே இரவுதோறும் பஞ்சாயத்துதான்.

எதில் பட்ட காயம் என்பதை நான் இவ்வளவு பிடித்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. கடிக் காயத்தின் வாய் ஒரு நாளில் மூடிக்கொள்ளும். உள்ளே விட்டுப் போன கிருமி, காற்றுப் படாத இடத்தில் நிதானமாகப் பெருகி, இரண்டு முதல் ஐந்து நாளில் சீழ்க்கட்டியாகும். ஐந்தாம் நாள் வீங்கி உடைந்தது என்று நீங்கள் எழுதியிருப்பது இதோடு அச்சாகப் பொருந்துகிறது. உடம்பின் மற்ற இடங்களில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே தசை இருக்கும். வாலில் அது மிகக் குறைவு. தோல், கொஞ்சம் தசைநார், உடனே எலும்பு. பல் அரை விரற்கடை இறங்கினாலே போதும், எலும்பைத் தொட்டுவிடும். அங்கே தங்கும் தொற்றுக்குத்தான் ஆஸ்டியோமைலைட்டிஸ் என்று பெயர்.

ஏன் மூடி மூடி உடைகிறது

நீங்கள் கொடுத்த மருந்து அடியோடு தவறு என்று சொல்ல மாட்டேன். பூனைக் கடிக் கிருமிகள் பெரும்பாலானவை அமாக்சிசிலின் வகை மருந்துக்குக் கட்டுப்படும். அதனால்தான் இரண்டு தடவையும் புண் மூடியது. ஆனால் பாலில் கலந்த மருந்தில் எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு கிண்ணத்தில் மிஞ்சியது என்று யாருக்குத் தெரியும்? அளவு சரியாக இருந்திருந்தாலும் ஐந்து நாள் என்பது தோல் புண்ணுக்கான கணக்கு. எலும்பில் இறங்கிய தொற்றுக்குப் பொதுவாக 4 முதல் 8 வாரம் மருந்து தேவைப்படும். மேலே தோல் கூடியதும் நிறுத்திவிட்டால், உள்ளே மிச்சமிருப்பது மறுபடி கிளம்பும். முதலில் எளிதில் சாகக்கூடிய கிருமிகள் செத்து, மருந்தைத் தாங்கக்கூடியவை மட்டும் மிஞ்சவும் வாய்ப்புண்டு. ஆகவே மருந்துக் கடைக்குப் போய் மூன்றாவது முறை இன்னொரு மாத்திரை வாங்குவது இத்தோடு போதும்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. தொற்றில் எலும்பின் ஒரு துண்டு ரத்த ஓட்டம் இழந்து செத்துத் தனியாகப் பிரிந்துவிட்டால், மருந்து ரத்தத்தோடுதானே போக வேண்டும்? செத்த துண்டுக்குள் அது போகாது. கிருமி அங்கே பத்திரமாகக் குடியிருக்கும். அந்தத் துண்டு உள்ளே இருக்கும் வரை உடம்பு அதை வெளியே தள்ளப் பார்க்கும், அதற்கு ஒரு வழி தோண்டும். ஊரில் புரையோடிப் போன புண் என்கிறோமே, அது இதுதான். போன தடவை உடைந்த இடத்துக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒரு வாய் திறந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் எனக்குச் சந்தேகம் வலுத்தது.

எக்ஸ்ரேயில் என்ன பார்க்க வேண்டும்

எலும்பில் தொற்று இறங்கினாலும் எக்ஸ்ரேயில் அது தெரிய 10 முதல் 14 நாள் ஆகும். முதல் வாரத்திலேயே எடுத்திருந்தால் ஒன்றுமில்லை என்று வந்திருக்கக்கூடும். இப்போது 26 நாள் ஆகிறது. எடுத்தால் தெரிய வேண்டியது தெரியும்: எலும்பு ஓரம் அரித்திருக்கிறதா, தனித்துண்டு கிடக்கிறதா, முறிவு இருக்கிறதா, தொற்று ஒரு கணுவோடு நிற்கிறதா அல்லது மேலே ஏறுகிறதா. பூனை வாலில் சுமார் 20 சிறு எலும்புகள் கோத்தாற்போல் இருக்கின்றன. எத்தனையாவது எலும்பு வரை கெட்டிருக்கிறது என்பதில்தான் எல்லா முடிவும் தொங்குகிறது. அதனால் பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று என்று இரண்டு கோணத்தில் எடுக்கச் சொல்லுங்கள். வாலடியும் இடுப்பும் படத்துக்குள் வரட்டும்.

புண்ணின் மேற்பரப்பைப் பஞ்சால் துடைத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால் தோலில் உள்ள கிருமிதான் வளரும், அதனால் பெரிய பயனில்லை. ஆழத்திலிருந்து, முடிந்தால் எலும்பிலிருந்தே மாதிரி எடுத்து, எந்த மருந்துக்குக் கட்டுப்படுகிறது என்று பார்ப்பதுதான் உருப்படியான வழி. இது இரண்டு முறை மருந்து தோற்ற புண் என்பதால் நான் இதை வலியுறுத்துவேன். கூடவே ரத்தப் பரிசோதனையும் தேவை. சண்டைக்காரப் பூனைகளுக்குக் கடி வழியாகவே எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வைரஸ் ஒன்று பரவுகிறது. அது இருந்தால் புண் ஆறத் தாமதமாகும். அதையும் ஒரு துளி ரத்தத்தில் பார்த்துவிடலாம்.

எங்கே போவது என்று கேட்டிருக்கிறீர்கள். செட்டிநாடு ரயில் நிலையம் பக்கம் உள்ள அரசு கால்நடைப் பண்ணைக்குக் கொண்டு போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அது இனப்பெருக்கப் பண்ணை, மருத்துவமனை இல்லை. காரைக்குடி அரசு கால்நடை மருத்துவமனையில் முதலில் காட்டுங்கள். ஏற்கெனவே பார்த்தவர் அங்குள்ளவர்தான் என்றால் அவரிடமே பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். மாணவர்கள் படிக்கும் கல்லூரி என்பதால் எக்ஸ்ரே, அறுவை சிகிச்சை எல்லாம் ஓரிடத்தில் நடக்கும். மதுரை பக்கம் வசதி என்றால் அங்கே செல்லப்பிராணிகளுக்கான தனியார் மருத்துவமனைகள் இருக்கின்றன, செலவு கூடும். 1962 எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி உண்டு, ஆனால் அது ஆடுமாடுகளுக்கான அவசர உதவிக்கு என்று ஏற்பட்டது. இந்த வேலைக்குப் பூனையை நீங்கள்தான் கொண்டு போக வேண்டும். கூண்டு இல்லையென்றால் பிளாஸ்டிக் காய்கறிக் கூடை இரண்டை வாயோடு வாய் வைத்துக் கயிற்றால் கட்டிக்கொள்ளுங்கள். கையில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறாதீர்கள், ஹாரன் சத்தத்தில் இன்னொரு விரலும் போகும்.

மருந்தா, அறுவையா

எக்ஸ்ரேயில் எலும்பின் ஓரம் மட்டும் லேசாக அரித்திருக்கிறது, தனித்துண்டு இல்லை, வாலின் நுனிவரை சூடும் உணர்ச்சியும் இருக்கிறது என்றால் மருந்து வழியை முயன்று பார்ப்பது நியாயம். மயக்கத்தில் புண்ணைத் திறந்து சுத்தம் செய்து, பரிசோதனை முடிவைப் பார்த்து மருந்தைத் தேர்ந்தெடுத்து, வாரக்கணக்கில் ஒரு வேளை விடாமல் கொடுத்து, இடையில் மறுபடி எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். தினம் பள்ளிக்கூடம் போகிற உங்களால் இரண்டு மாதம் காலையும் மாலையும் அந்தப் பூனைக்கு மாத்திரை போட முடியுமா என்பதும் இதில் ஒரு கேள்விதான். அதைக் கேட்பதில் குற்றவுணர்ச்சி வேண்டாம். பாதியில் நிற்கப் போகிற மருந்துப் படலத்தை விட, ஒரே தடவையில் முடிகிற அறுவை பூனைக்கு நல்லது.

ஆனால் உங்கள் விவரிப்பைப் பார்த்தால் நிலைமை அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது என்றே தோன்றுகிறது. புண்ணுக்குக் கீழே வால் சில்லிட்டிருக்கிறது, தொங்குகிறது, முடி கொத்தாக வருகிறது, நாற்றம் வேறு. ரத்த ஓட்டம் நின்ற பகுதியை எந்த மருந்தாலும் திரும்ப உயிர்ப்பிக்க முடியாது. அதை விட்டுவைத்தால் நஞ்சு மேலே ஏறும்; ஈ மொய்த்துப் புழு வைக்கும்; பூனையே தாங்க முடியாமல் தன் வாலைக் கடித்துக் குதறும். உங்கள் மருத்துவர் சொன்னது சரியான திசைதான். நேரில் பார்க்காமல் நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான், கடைசி வார்த்தை எக்ஸ்ரேயைப் பார்க்கிறவருடையது.

அறுவையில் கெட்ட இடத்தோடு நிறுத்த மாட்டார்கள். நல்ல எலும்பு தெரியும் வரை மேலே வந்து, இரண்டு கணுக்களுக்கு நடுவே உள்ள மூட்டில் பிரித்து எடுப்பார்கள். எலும்பு முனையை மூடும் அளவுக்குத் தோல் வேண்டும் என்பதால் நீங்கள் நினைப்பதை விடக் கொஞ்சம் கூடுதலாகவே வால் குறையும். அதைப் பார்த்துப் பதறாதீர்கள். கஞ்சத்தனமாகக் குறைத்து எடுத்து, தொற்று மிச்சமிருந்து, இரண்டாம் முறை மேசையில் ஏற்றுவதுதான் கொடுமை. கெட்ட எலும்பு முழுதும் போய்விட்டால் அதற்கப்புறம் மாதக்கணக்கில் மருந்து வேண்டியிருக்காது. எடுத்த இடத்தின் எலும்பைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். மயக்க மருந்துக்கென்று ஓர் ஆபத்து உண்டு, தையல் விடலாம், முனையில் சில நாள் கூச்சமும் வலியும் இருக்கலாம்.

அதே மயக்கத்தில் கருத்தடையும் செய்துவிடலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். சீழ் உள்ள நேரத்தில் வேண்டாம், புண் ஆறியதும் தனியாகச் செய்வோம் என்று அவர் சொன்னால் அதுவும் நியாயமே. எப்படியும் அது நடக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த சண்டையில் காது, அதற்கடுத்து கால்.

மூத்திரம் நின்றுபோகும் என்பது

இது பாதி உண்மை, அதனால்தான் பரவுகிறது. வண்டிச் சக்கரத்தில் வால் மாட்டிக்கொள்ள, பூனை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும்போது வாலடியில் எலும்பு கழன்று, அங்கிருந்து கிளம்பும் நரம்புகள் இழுபட்டு அறுந்துவிடுவதுண்டு. மூத்திரப்பைக்கும் ஆசனவாய்க்கும் போகிற நரம்புகள் அந்தப் பக்கத்தில்தான் வெளியே வருகின்றன. அப்படி அடிபட்ட பூனைகளில் வால் செத்துத் தொங்கும், மூத்திரம் தேங்கும் அல்லது சொட்டிக்கொண்டே இருக்கும். கெடுத்தது வாலை இழுத்த விபத்து. பிறகு மருத்துவர் வாலை எடுக்கிறார். ஊர் பழியை அறுவையின் மேல் போடுகிறது. அந்த மாதிரி காயத்தில் வாலடியில் உணர்ச்சி இருந்தால் தேறும் வாய்ப்பு நல்லது. ஒரு மாதம் ஆகியும் தானாக மூத்திரம் போகவில்லை என்றால் திரும்புவது கஷ்டம்.

உங்கள் பூனைக்குக் காயம் வாலின் நடுவில். மணல் தட்டில் வழக்கம்போல் போகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். நடு வாலில் எடுக்கும் அறுவை அந்த நரம்புகளின் பக்கமே போகாது. ஆனாலும் அறுவைக்கு முன் வாலடியை அது தானாகத் தூக்குகிறதா என்று கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். கிள்ளிப் பார்க்க வேண்டாம், உங்கள் விரல் பட்டது போதும்.

வதையா, சகுனமா

1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் தடுப்பது அவசியமில்லாமல் உறுப்பைச் சிதைப்பதை. மயக்கம் கொடுத்து, நோய்க்காக, பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் செய்கிற சிகிச்சை அதில் வராது. மாறாக, அழுகுகிற வாலோடு ஒரு பூனையை வலியில் விட்டுவைப்பதுதான் சங்கடமான கேள்விகளை எழுப்பும். நாட்டு வைத்தியம் என்று யாராவது நூலைக் கட்டி வாலை இற்று விழ வைக்கலாம் என்று சொன்னால் ஒரே வார்த்தையில் மறுத்துவிடுங்கள்.

மதில் மேல் நடப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். வால் உதவி செய்கிறது என்பது மெய்தான், முதல் சில வாரம் தாவுவதில் கணக்குப் பிசகும். அப்புறம் இடுப்பையும் பின்னங்கால்களையும் வைத்தே சரிக்கட்டிக்கொள்ளும். பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவில் உள்ள மேன் தீவில் பிறவியிலேயே வால் இல்லாத பூனை இனம் ஒன்று இருக்கிறது, எலி பிடிப்பதில் அவற்றுக்கு நல்ல பெயர். இதையே அப்பத்தாவிடமும் சொல்லலாம். ஆனால் சகுனத்தோடு வாதம் செய்து ஜெயித்தவர் யாரும் இல்லை. வீட்டுக்குள் அந்த நாற்றமும் பூனை முனகுவதும் அவருக்கும் பொறுக்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பக்கமிருந்து பேச்சை ஆரம்பித்துப் பாருங்கள்.

மருத்துவமனை போகும் வரை

பாராசிட்டமால் கால் மாத்திரை என்ன, அதில் கால் பங்கும் வேண்டாம். மனிதருக்குக் காய்ச்சல் தணிக்கும் அந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய், ஈறு பழுப்பு நிறமாகி, முகம் வீங்கிச் செத்துவிடும். புரூஃபென், ஆஸ்பிரின் வகையும் வீட்டில் இருப்பதை எடுத்துக் கொடுக்காதீர்கள். பூனைக்கென்று வலி மருந்து உண்டு, எடை பார்த்து மருத்துவர் தருவார்.

டெட்டால், பினாயில், மாட்டுப் புண்ணில் புழுவுக்கு ஊற்றும் டர்பன்டைன், கற்பூர எண்ணெய் எதையும் வாலில் போடக் கூடாது. பூனை நக்கும், நக்கியது எல்லாம் வயிற்றுக்குள் போகும். வளவின் தரையைப் பினாயில் போட்டுத் துடைக்கிற வழக்கம் இருந்தால் கொஞ்ச நாள் நிறுத்திவையுங்கள். ஈரத் தரையில் நடந்த பாதத்தையும் அது நக்கத்தான் செய்யும். காய்ச்சி ஆற வைத்த தண்ணீரில் உப்பு கலந்து, அதாவது ஒரு லிட்டருக்கு ஒன்றரை டீஸ்பூன் அளவு, மெல்ல ஊற்றிக் கழுவினால் போதும். அதையும் கெட்டித் துண்டால் பூனையின் உடம்பைச் சுற்றி, இன்னொருவர் பிடித்துக்கொள்ள, கையுறையோடு செய்யுங்கள். முடியவில்லை என்றால் விட்டுவிடுங்கள், மருத்துவமனையில் பார்த்துக்கொள்ளலாம். துணியை இறுக்கிச் சுற்றுவது இனி வேண்டாம். முதல் நாள் சுற்றிய கட்டுக்கும் கீழே வால் சில்லிட்டதற்கும் தொடர்பு இருக்கலாம். வாலில் இறுக்கம் சீக்கிரம் ரத்தத்தை அடைத்துவிடும்.

வளவு வானம் பார்த்த முற்றம். அங்கிருந்து ஒரு தூண் ஏறினால் கூரை, கூரை ஏறினால் ஊர். அதனால் பூனையை வளவைச் சுற்றியுள்ள அறைகளில் ஒன்றில் அடைத்து வையுங்கள். ஜன்னலுக்கு வலை, மூலையில் மணல் தட்டு, தண்ணீர். ஆத்தங்குடிக் கல் தரை குளிர்ச்சியாக இருக்கும், கழுவவும் சுலபம். அறுவை முடிந்த பிறகும் தையல் பிரிக்கும் வரை, 10 முதல் 14 நாள், அதே அறைதான். கழுத்தில் போடும் பிளாஸ்டிக் கூம்பைப் பாவம் என்று கழற்றிவிடாதீர்கள். ஐந்து நிமிடத்தில் தையல் முழுதையும் பிரித்துவிடும்.

மாத்திரை கொடுக்கும் விதமும் சொல்லிவிடுகிறேன், பாலில் கலப்பது இனி இல்லை. மாத்திரையை நாக்கின் பின்பக்கம் வைத்து வாயை மூடி, விழுங்கியதும் ஊசி இல்லாத சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர் கன்னத்தின் ஓரமாக விடுங்கள். டாக்ஸிசைக்ளின், கிளிண்டமைசின் மாதிரி மருந்துகள் தொண்டைக் குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கேயே புண்ணாக்கிவிடும். சிரப்பாகத் தந்தால், கலக்கிய பிறகு எத்தனை நாள் வரை கொடுக்கலாம், குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டுமா என்று கடைக்காரரிடம் கேட்டுப் புட்டியின் மேல் தேதி எழுதி ஒட்டுங்கள். கெடு தாண்டிய சிரப் நிறம் மாறாமல் இருந்தாலும் வேலை செய்யாது.

பூனை சாப்பாட்டை நிறுத்தினால், உடம்பு நெருப்பாகச் சுட்டால் அல்லது சில்லிட்டால், கறுப்பு நிறம் வாலடியை நோக்கி ஏறினால், புண்ணில் புழு தெரிந்தால், ஒரு நாள் முழுக்க மூத்திரம் போகாவிட்டால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.

பூனையைக் கொண்டு போகும்போது அது உங்களைக் கடித்ததையும் அங்கே சொல்லுங்கள். சந்தேகக் கடி வாங்கிய பூனையைக் கையாளுகிறவர்களும் கவனமாக இருக்க வேண்டும், பூனைக்கும் வெறிநோய்த் தடுப்பூசியை எப்போது, எத்தனை தவணை போடுவது என்று அவர்கள்தான் திட்டமிடுவார்கள். உங்கள் ஊசிச் சீட்டில் அடுத்த தவணைத் தேதிகளை எழுதித் தருவார்கள். அவற்றில் ஒன்று நீங்கள் ஒரத்தநாட்டில் இருக்கும் நாளில் விழுந்தால், சீட்டைக் கையோடு எடுத்துப் போய் அங்குள்ள அரசு மருத்துவமனையிலேயே போட்டுக்கொள்ளலாம்.